ஃப்ளோரா ஃபவுண்டன்: ஊரிலிருந்து வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

எனக்கு மும்பை ஃபோர்ட் பகுதியில் இருபது வருடத்துக்கு மேலாக வேலை, வீடு சயானில். திருநெல்வேலியிலிருந்து சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் சுற்றிக்காட்டும் வேலை என் தலையில்தான் விழும். கேட்வே, தாஜ் ஹோட்டல் எல்லாம் பார்த்துவிட்டு சி.எஸ்.எம்.டி. (பழைய விக்டோரியா டெர்மினஸ்) ஸ்டேஷனுக்கு நடக்கும்போது நடுவில் இந்த வெள்ளைக்கல் நீரூற்று வரும். அங்கே நின்றதும் ஒவ்வொருவரும் கேட்பது ஏறக்குறைய அதே கேள்விகள்தான். போன கோடை விடுமுறையில் மதினி கேட்டதையும் சேர்த்து எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன், இனி யாராவது வருவதாகச் சொன்னால் முன்கூட்டியே அனுப்பிவிடலாம் என்றுதான்.

இது எங்கே இருக்கிறது? எப்படிப் போவது?

தென் மும்பையில், ஹுதாத்மா சௌக்கில். தாதாபாய் நவ்ரோஜி ரோடு தெற்கே வந்து முடியும் இடம். சர்ச்கேட் ஸ்டேஷனிலிருந்தும் நடக்கலாம், சி.எஸ்.எம்.டி.யிலிருந்தும் நடக்கலாம், எப்படி வந்தாலும் பத்துப் பன்னிரண்டு நிமிடம். 2025 அக்டோபரிலிருந்து மெட்ரோ மூன்றாவது லைனில் ஹுதாத்மா சௌக் என்றே ஒரு ஸ்டேஷன் வந்துவிட்டது. அதே லைனில் தாராவியும் இருப்பதால் அங்கே தங்கியிருக்கும் நம் ஆட்களுக்கு இப்போது ரொம்பச் சுலபம், தரைக்கு அடியிலேயே ஏறி இறங்கிவிடலாம்.

இதில் தண்ணீர் குடிக்கலாமா?

கூடாது. குடிப்பதற்காகக் கட்டியதே இல்லை, அன்றும் இன்றும் அலங்காரம்தான். குடிக்கக் கட்டியவை வேறு, அவற்றுக்கு "பியாவு" என்று பெயர். அதைப் பற்றிக் கீழே நிறையச் சொல்கிறேன், ஏனென்றால் என்னைக் கேட்டால் ஃப்ளோராவைவிட அவைதான் பார்க்க வேண்டியவை.

குடிக்க முடியாத தண்ணீருக்கு இவ்வளவு பெரிய கட்டடம் எதற்கு?

பெரியப்பா கேட்ட கேள்வி இது. ராதாபுரம் பக்கத்துக்காரர், தண்ணீரை வீணாக மேலே தூக்கிக் கீழே விடுவதைப் பார்த்தால் அவருக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

1860க்கு முந்தைய பம்பாயை நினைத்துப் பாருங்கள். சுற்றிலும் கடல். குடிக்கக் கிணறும் குளமும்தான். கோடை வந்தால் அவை வற்றும், வற்றாதவையும் நாறும். குளிக்க, துவைக்க, மாட்டைக் கழுவ, குடிக்க எல்லாவற்றுக்கும் அதே குளம். (தோபி தலாவ் என்று இன்றும் ஒரு இடம் இருக்கிறது. வண்ணான் குளம் என்று அர்த்தம், குளம் மட்டும் இல்லை.) ஊரோ வருடா வருடம் பெருத்துக்கொண்டே போனது. 1864 கணக்கெடுப்பில் 8 லட்சத்துக்கும் மேல்.

இந்த நிலைமையில்தான் ஹென்றி கானிபியர் என்ற இன்ஜினியரின் திட்டப்படி வடக்கே மித்தி ஆற்றை மறித்து விஹார் ஏரியை உண்டாக்கி, அங்கிருந்து இரும்புக் குழாய் போட்டு, 1860இல் நகரத்துக்குள் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். பம்பாய்க்கு முதல் குழாய்த்தண்ணீர் அதுதான். ஆமாம், மித்திதான், தாராவி ஓரமாகக் கறுப்பாக மாஹிம் கழிமுகத்துக்குப் போகிறதே, அதே ஆறு. அதன் தலைப்பக்கத்துத் தண்ணீரைத்தான் அன்றைக்கு வெள்ளைக்காரத் துரைகள் வீட்டுக் குழாயில் பிடித்தார்கள்.

குழாயில் தண்ணீர் வந்த பிறகுதான் நீரூற்று என்ற ஆசையே ஒரு ஊருக்கு வர முடியும். ஏரி மேட்டில் இருக்கிறது, ஊர் தாழ்வில் இருக்கிறது, அந்த அழுத்தத்தில் தண்ணீர் தானாகவே மேலே எழும்பும். கிணற்றில் இறைத்து ஃபவுண்டன் ஓட்டவா முடியும்? அதனால் 1864 ஆண்டு வாக்கில் இதைக் கட்டியபோது, "எங்கள் ஊரில் தண்ணீர் இப்போது மிச்சமாகவே இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஊர் மத்தியில் நின்று மார்தட்டிய மாதிரிதான். அந்தப் பெருமைக்கும் ஆயுசு குறைவு. விஹார் போதாமல் 1879இல் துல்சி, அதுவும் போதாமல் 1892இல் தான்சா என்று ஏரி ஏரியாகத் தேடிக்கொண்டே போனார்கள். பெரியப்பாவுக்கு இந்த விளக்கம் திருப்தி தரவில்லை, "சரி, மிச்சம் இருந்தா விவசாயத்துக்கு விடவேண்டியதுதானே" என்றார்.

மேலே நிற்கும் அம்மா யார்? மாதா சிலையா?

மதினி கையெடுத்துக் கும்பிட்டே விட்டார்கள், அதனால் சொல்கிறேன். வேளாங்கண்ணி மாதா இல்லை, விக்டோரியா ராணியும் இல்லை. ஃப்ளோரா என்பது பழைய ரோமாபுரி மக்கள் கும்பிட்ட பூக்களின் தெய்வம், வசந்தகாலத் தெய்வம். சிலை மட்டும் 7 அடி, மொத்த நீரூற்று 25 அடி உயரம். கும்பிட்டதில் தப்பொன்றும் இல்லை, தெய்வம்தானே.

பூத்தெய்வத்துக்கும் இந்த டிராஃபிக்குக்கும் என்ன சம்பந்தம்?

இங்கே வைப்பதாகவே இல்லை. இதைக் கட்டியது மேற்கு இந்தியாவின் வேளாண் தோட்டக்கலைச் சங்கம். பைகுலாவில் 1862இல் திறந்த விக்டோரியா தோட்டம் அவர்கள் கையில் இருந்தது. இப்போது ராணி பாக், மிருகக்காட்சிச் சாலை, பென்குவின் பார்க்கக் குழந்தைகளைக் கூட்டிப் போவோமே அந்த இடம். முதலில் அங்கே வைக்கத்தான் யோசனை. தோட்டத்தில் பூத்தெய்வம் என்றால் பொருத்தமாக இருந்திருக்கும். அப்புறம் இடம் மாறி, இங்கே நாற்சந்தியில் வந்து நின்றுவிட்டாள்.

பெயரும் மாறியதுதான். அப்போது கவர்னராக இருந்த பார்ட்டில் ஃப்ரேர் பெயரை வைப்பதாக இருந்தது, திறப்புக்கு முன்னால் ஃப்ளோரா என்று மாற்றினார்கள். நல்லதாய்ப் போயிற்று. கவர்னர் பெயர் வைத்த தெருக்களும் சதுக்கங்களும் பின்னால் எப்படியெல்லாம் பெயர் மாறின என்று பார்த்தால், இந்த ஊரில் பழைய பெயரோடு பேச்சில் பிழைத்திருப்பது பூத்தெய்வம்தான்.

யார் காசு?

மொத்தச் செலவு 47,000 ரூபாய். அதில் 20,000 ரூபாயைக் கர்சேத்ஜி ஃபர்தூன்ஜி பாரேக் என்ற பார்சிக்காரர் நன்கொடையாகக் கொடுத்தார்.

அந்தக் காலத்தில் பம்பாயில் காசு எங்கிருந்து கொட்டியது என்பது தனிக்கதை. 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் தொடங்கியது, அங்கிருந்து லங்காஷயர் மில்களுக்குப் போன பருத்தி நின்றது, மில்காரர்கள் இந்தியப் பருத்தியைத் தேடி ஓடிவந்தார்கள். நம் திருநெல்வேலிச் சீமைப் பருத்திக்கே அப்போது கிராக்கி என்றால் பம்பாய் வியாபாரிகளைக் கேட்கவா வேண்டும்! ஊரே ஷேர் வாங்கியது, கடலைத் தூர்த்து நிலமாக்கக் கம்பெனி மேல் கம்பெனி திறந்தது. 1865இல் போர் முடிந்ததும் விலை சரிந்து எல்லாம் கவிழ்ந்தது. 1864இல் 8 லட்சம் இருந்த ஜனத்தொகை 1872இல் 6,44,000 சொச்சம்தான். அதாவது, நீங்கள் நின்று செல்ஃபி எடுக்கிற இந்தக் கல், காசு கொழித்த அந்த நாலைந்து வருடத்தில் முளைத்தது.

கல் எந்த ஊர்க் கல்?

போர்ட்லேண்ட் கல், இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. லண்டன் செயின்ட் பால் கதீட்ரல் கட்டினார்களே, அதே வகைச் சுண்ணாம்புக்கல். வடிவமைத்தவர் ரிச்சர்ட் நார்மன் ஷா, பின்னால் லண்டனில் நியூ ஸ்காட்லாண்ட் யார்டு கட்டடத்தை வடிவமைத்தவர். செதுக்கியவர் ஜேம்ஸ் ஃபோர்சைத். சுற்றிலும் கறுப்புப் பாறை கிடக்கிற ஊருக்கு ஏழு கடல் தாண்டிக் கல் கொண்டுவந்தார்களே என்று எனக்கு எப்போதும் தோன்றும். ஆனால் அந்த மெல்லிய நுணுக்கத்தை நம் கறுங்கல்லில் கொண்டுவர முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும், மாமல்லபுரத்துக்காரர்கள் சண்டைக்கு வரவேண்டாம்.

சர்ச்கேட் என்கிறார்களே, அந்த கேட் எங்கே?

அதன் மேல்தான் நிற்கிறீர்கள். இந்தப் பகுதிக்கு ஃபோர்ட் என்று பெயர் வரக் காரணமே ஒரு காலத்தில் நிஜமாகவே சுற்றிக் கோட்டைச் சுவர் இருந்ததுதான். மூன்று வாசல்: வடக்கே பஜார் கேட், தெற்கே அப்போலோ கேட், மேற்கே சர்ச் கேட். உள்ளே இருக்கும் செயின்ட் தாமஸ் தேவாலயத்துக்கு நேராக இருந்ததால் சர்ச் கேட். 1860களில் ஃப்ரேர் சுவரையெல்லாம் இடித்துத் தள்ளினார். வாசல் போன இடத்தில் ஃப்ளோரா வந்தாள். கேட்டின் பெயரைத் தூக்கிக்கொண்டு போன ரயில்வே ஸ்டேஷன் மேற்கே தள்ளி இருக்கிறது, அங்கே கேட்டும் கிடையாது சர்ச்சும் கிடையாது என்பதால் ஊரிலிருந்து வருகிறவர்கள் குழம்புவதில் ஆச்சரியமில்லை.

என் அப்பா 80களில் பார்த்தபோது பெயிண்ட் அடித்து இருந்ததாம். இப்போது கல்லாக இருக்கிறதே?

அப்பா சொன்னது சரி. வருடக்கணக்காக அழுக்கானபோதெல்லாம் அதன்மேல் ஆயில் பெயிண்ட் பூசினார்கள், அது உரிந்தால் அதன்மேல் இன்னொரு பூச்சு. கோயில் சிற்பத்துக்கு எனாமல் அடிக்கிற நம் ஊர் வழக்கம் போலத்தான். சுண்ணாம்புக்கல் மூச்சுவிட வேண்டும், உள்ளே போன ஈரம் வெளியே வர வேண்டும். மேலே எண்ணெய்ப் பூச்சு அடைத்துவிட்டால் ஈரம் உள்ளேயே நின்று கல்லைத் தின்னும். போதாக்குறைக்குக் கடற்காற்றின் உப்பும் வண்டிப்புகையும். உள்ளே குழாய்களும் கெட்டு, தண்ணீர் ஓடாமல் பல காலம் காய்ந்து கிடந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதில் தண்ணீர் பார்த்ததாக நினைவே இல்லை, புறாக்கள்தான் குடித்தனம்.

மாநகராட்சி பழுதுபார்க்கும் வேலையை எடுத்து, பாரம்பரியக் கட்டடங்களைச் சீரமைப்பதில் பேர்பெற்ற விகாஸ் திலாவரியின் மேற்பார்வையில் பெயிண்டை அடுக்கடுக்காக எடுத்து, உடைந்த கல்லை ஒட்டி, குழாயைப் புதிதாகப் போட்டு 2019 ஜனவரியில் திறந்தார்கள். துணியும் தகரமும் போட்டு மூடியிருந்த அந்தக் காலத்தில் தினமும் அதைச் சுற்றிக்கொண்டுதான் ஆபீஸ் போனேன். திறந்த அன்றைக்குச் சாயங்காலம் விளக்கு வெளிச்சத்தில் தண்ணீர் விழுவதைப் பார்த்தபோது, இவ்வளவு நாள் பழகியவர்தானா என்று சந்தேகமாகத்தான் இருந்தது.

அப்போது தரைக்கடியில் டிராம் தண்டவாளம் கிடைத்ததாமே?

கிடைத்தது. சீரமைப்பு நடந்தபோது தோண்டிய இடத்தில், தார் ரோட்டுக்கு அடியில் தண்டவாளம் அப்படியே இருந்தது. பம்பாயில் குதிரை இழுக்கும் டிராம் 1874இல் வந்தது, மின்சார டிராம் 1907இல். கடைசி டிராம் 1964 மார்ச் 31 ராத்திரி ஓடியது. எங்கள் சித்தப்பா அந்தக் கடைசி வருடங்களில் மாட்டுங்காவில் நாலு பேரோடு ஒரே அறையில் தங்கி, ஃபோர்ட்டில் ஒரு ஆபீசில் ஸ்டெனோவாக இருந்தவர். டைப்பும் ஷார்ட்ஹேண்டும் கற்றுக்கொண்டு ரயிலில் வந்திறங்கிய அந்தத் தலைமுறைக்கு ஃப்ளோரா ஃபவுண்டன் என்றால் வேலை தேடி முதலில் இறங்குகிற இடம், அவ்வளவுதான். "சிலையை எவன் பார்த்தான், கையில இருந்த அட்ரஸைத்தான் பார்த்தோம்" என்பார்.

ஹுதாத்மா சௌக் என்றால்? இரண்டு பெயர் ஏன்?

ஹுதாத்மா என்றால் மராத்தியில் உயிர்த்தியாகம் செய்தவர். ஃப்ளோராவுக்குப் பக்கத்திலேயே தீப்பந்தம் ஏந்திய இரண்டு பேர் சிலை இருக்கும், ஒருவர் விவசாயி, ஒருவர் தொழிலாளி. பலர் ஃப்ளோராவைப் படம் எடுத்துவிட்டு இதைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள், அது எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

விஷயம் நமக்குப் புரியாததில்லை. மொழிவாரி மாநிலம் பிரிக்கும்போது மதராஸ் யாருக்கு என்று ஆந்திரர்களோடு இழுபறி வந்ததும், "தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்" என்று ம.பொ.சி. முழங்கியதும் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டதுதானே. அதே இழுபறி இங்கே பம்பாய்க்கு வந்தது. குஜராத்தியும் மராத்தியும் பேசுகிற பெரிய பம்பாய் மாநிலத்தைப் பிரித்தால் நகரம் யாருக்கு? மும்பையோடு சேர்ந்த மகாராஷ்டிரம் வேண்டும் என்று எழுந்த போராட்டத்தில் 1955 நவம்பர் 21 அன்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் போலீஸ் சுட்டது. அடுத்தடுத்த மாதங்களிலும் சுட்டார்கள். உயிர்விட்டவர்கள் 105 பேர் என்று அப்போது சொல்லப்பட்டது, பின்னால் எண்ணிக்கை ஒன்றிரண்டு கூடியது. 1960 மே 1 அன்று மும்பையைத் தலைநகராகக் கொண்டு மகாராஷ்டிரம் பிறந்தது. நினைவுச்சின்னம் 1961இல்.

டாக்ஸிக்காரரிடம் இரண்டு பெயரில் எதைச் சொன்னாலும் கொண்டுபோய் விடுவார். மே 1, நவம்பர் 21 இரண்டு நாளும் இங்கே மாலை மரியாதை நடக்கும், கூட்டம் இருக்கும், போலீஸும் இருக்கும்.

சரி, ஜனங்கள் குடித்த தண்ணீர் எங்கே?

இதைக் கேட்டது மதினியின் மகள், பத்தாம் வகுப்பு. இவ்வளவு வருடத்தில் இதைக் கேட்ட ஒரே ஆள்.

முதலில் ஒரு கிணறு. ஃப்ளோராவிலிருந்து சர்ச்கேட் போகும் வீர் நரிமன் ரோட்டில், கிராஸ் மைதான் ஓரமாக பீக்கா பெஹ்ராம் கிணறு. 1725இல் பீக்காஜி பெஹ்ராம்ஜி என்ற பார்சி வியாபாரி தோண்டியது. அன்றைக்குக் கடல் கூப்பிடு தூரம், ஆனாலும் தண்ணீர் இனிப்பு. மலேரியா பயத்தில் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் நகரத்துக் கிணறுகளை ஒவ்வொன்றாக மூட வைத்தபோதும் இது தப்பித்தது. பார்சிகள் விளக்கேற்றி வழிபடுகிற இடம், உள்ளே அவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. வெளியே நின்று பார்த்துவிட்டு வாருங்கள், எட்டிப்பார்த்துப் படம் எடுக்க வேண்டாம்.

அப்புறம் பியாவுகள். மராத்தியில் பாண்போயி என்றும் சொல்வார்கள். நம் ஊர்த் தண்ணீர்ப் பந்தலேதான், ஓலைக்குப் பதில் கல். குழாய்த்தண்ணீர் வந்த பிறகு, கைநிறையச் சம்பாதித்த குஜராத்தி, பார்சிச் சேட்டுகள் கடைத்தெருவிலும் துறைமுக வாசலிலும் மூட்டை தூக்குகிறவன் குடிக்கக் கட்டிவைத்தவை. பலவற்றில் கீழே மாட்டுக்கும் குதிரைக்கும் தொட்டி இருக்கும். மஸ்ஜித் பந்தர் பாத் பஜாரில் 1876இல் வந்த கேசவ்ஜி நாயக் ஃபவுண்டன், பஜார் கேட் பக்கம் 1882இல் பமன்ஜி ஹோர்மஸ்ஜி வாடியா நினைவாக வந்த கடிகாரக் கோபுரம் என்று ஒரு பட்டியலே போடலாம்.

எனக்குப் பிடித்தது மின்ட் ரோட்டில், தலைமைத் தபால் நிலையமான ஜி.பி.ஓ.வுக்குப் பக்கத்தில் இருப்பது. ரத்தன்சி மூல்ஜி ஜேட்டா என்ற பருத்தி வியாபாரி கட்டியது, 1894. விக்டோரியா டெர்மினஸைக் கட்டிய எஃப்.டபிள்யூ. ஸ்டீவன்ஸ்தான் இதற்கும் ஆர்க்கிடெக்ட். உச்சியில் தெய்வமும் இல்லை, ராணியும் இல்லை, ஒரு பையன் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருப்பான். சேட்டின் மகன் தரம்சி, பதினைந்து வயதில் இறந்துபோனவன். திங்களூரில் அப்பூதியடிகள் திருநாவுக்கரசர் பெயரில் தண்ணீர்ப் பந்தல் வைத்ததும், பாம்பு கடித்த அவர் பிள்ளையை அப்பர் பாடி எழுப்பியதும் சின்ன வயதில் பாட்டி சொல்லிக் கேட்ட கதை. இந்தப் பையனைப் பார்க்கும்போதெல்லாம் அது ஞாபகம் வரும். இங்கே எழுப்ப யாரும் வரவில்லை, சேட்டு தண்ணீர் மட்டும் வைத்தார். சீரமைத்து முடித்ததற்கு 2018இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதுகளில் இதற்குச் சிறப்புக் குறிப்பு கிடைத்தது.

ரீகல் தியேட்டர் எதிரே இருக்கும் ஃபவுண்டன்?

அது வெலிங்டன் ஃபவுண்டன், 1865. வெலிங்டன் பிரபு 1801இலும் 1804இலும் பம்பாய் வந்துபோனதன் நினைவாக. ரவுண்டானா நடுவில் இருக்கிறது, ரோட்டைக் கடந்து போய்ப் பார்க்கும் அளவுக்கு எனக்குத் தைரியம் இல்லை.

இப்போதும் விஹார் தண்ணீர்தான் வருகிறதா?

விஹார் இன்றும் மும்பைக்குத் தண்ணீர் கொடுக்கும் ஏழு ஏரிகளில் ஒன்று. ஆனால் நகரத்துக்கு ஒரு நாளைக்குச் சுமார் 3,850 மில்லியன் லிட்டருக்கு மேல் விடுகிறார்கள், அதில் பெரும்பங்கு பாத்சா, வைதர்ணா என்று நூறு கிலோமீட்டர் அளவுக்குத் தள்ளி இருக்கும் அணைகளிலிருந்து வருகிறது. எங்கள் பில்டிங்கில் காலை ஐந்தரைக்கு வரும், ஆறரைக்கு நின்றுவிடும். மதினி தங்கியிருந்த பத்து நாளும் எனக்கு முன்னால் எழுந்து டிரம்மை நிரப்பிவைத்தது அவர்கள்தான்.

எந்த நேரத்தில் போனால் நல்லது?

ஞாயிற்றுக்கிழமை காலை. வார நாளில் போனால் வக்கீல்களும் பேங்க் ஆட்களும் டாக்ஸியும் சேர்ந்து உங்களைத் தள்ளிக்கொண்டே போய்விடுவார்கள். பழைய புத்தகக் கடைகளைப் பார்க்க வேண்டுமென்றால் மட்டும் வார நாளில் வாருங்கள், நடைபாதையில் முன்பு மாதிரி இல்லை என்றாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. ஜி.பி.ஓ.வில் தொடங்கி அந்தப் பையனைப் பார்த்துவிட்டு, ஹார்னிமன் சர்க்கிள் வழியாக ஃப்ளோராவுக்கு வந்து, கிணற்றோடு முடித்து சர்ச்கேட்டில் ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரம் ஆகும். குடிக்கத் தண்ணீர் பாட்டிலை வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.